சுண்ணாம்புக் கோடு

ட்ரோன் வருவதற்கு முன்னால் சுண்ணாம்பு வந்துவிடுகிறது. ஹரியானாவிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒரு கிராமத்தின் குடியிருப்பை வானிலிருந்து அளக்கப் போகிறார்கள் என்றால், வருவாய்த் துறை ஊழியரும் ஊராட்சிக்காரர்களும் வீட்டுக்காரர்களும் முதலில் தெருத் தெருவாக நடக்கிறார்கள். இந்த மனை இதுவரை, அந்த மனை அதுவரை என்று பேசி முடித்து, எல்லை நெடுகச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு இழுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ட்ரோன் மேலே ஏறி அந்த வெள்ளைக் கோடுகளைப் படமெடுக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின் நடைமுறை இது. ஆங்கிலேயர் காலத்து நில அளவை வரிக்காக நடந்தது. விளைநிலத்துக்கு வரி உண்டு என்பதால் வயல்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். வீடுகள் நின்ற இடத்துக்கு வரி இல்லை என்பதால், வட இந்தியாவின் பல பகுதிகளில் ஊர் முழுவதையும் ஒரே வளையத்துக்குள் அடைத்து ‘ஆபாதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நம் பக்கம் நத்தம் என்கிறோமே, அதுதான். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் வீட்டுக்கென்று ஒரு காகிதம் இல்லாதவர்களுக்குச் சொத்து அட்டை தருவதே திட்டத்தின் நோக்கம். 2025 ஜனவரிக்குள் 3.17 லட்சம் கிராமங்களுக்கு மேல் ட்ரோன் பறந்து முடித்திருந்தது. அந்த மாதம் 18ஆம் தேதி மட்டும் 65 லட்சம் அட்டைகள் வழங்கப்பட்டன.

ட்ரோனால் சென்டிமீட்டர் கணக்கில் அளக்க முடியும். ஆனால் எது யாருடைய எல்லை என்று அதற்குத் தெரியாது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு, மேலிருந்து தெரியும்படி ஒரு வெள்ளைப் பொடியால் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. ட்ரோன் வரைபடத் தொழிலுக்கு அரசுகள் போடும் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்டை மறக்கக் கூடாது என்பது என் கருத்து. கட்டுப்பாடுகள் மூன்று வேறு விஷயங்களைத் தொடுகின்றன: பறக்கும் கருவி, அது எடுக்கும் படம், அந்தப் படத்தின்மேல் எழுப்பப்படும் உரிமைகோரல். முதலாவதில் உலகமும் இந்தியாவும் ஏறக்குறைய சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. இரண்டாவதை அரசுகள் தேவைக்கு மீறி இறுக்கிப் பிடித்திருக்கின்றன. குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் மூன்றாவதைத்தான் போதிய கவனம் இல்லாமல் விட்டிருக்கின்றன.

உயரத்துக்கு ஏறினால்தான் நிலம் தெரியும் என்பது அளவைக்காரர்களின் பழைய ஏக்கம். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியாவை முக்கோணங்களாக வகுக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். ஏழரை மைல் என்றால் அந்தச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை நீட்டி வைக்க வேண்டும். அந்த ஒரு கோட்டில் பிழை புகுந்தால் அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் அது பரவும் என்பது அவருக்குத் தெரியும். சமவெளியில் மரங்கள் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களையே அவர் கண்காணிப்பு மேடையாக்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. அந்த அரை டன் இன்று ஒன்றரைக் கிலோவாகச் சுருங்கித் தானே மேலே ஏறுகிறது. கோபுர உச்சிக்கு ஏறியதற்கான காரணமும், தரையில் நம்பகமாக அளந்த சில புள்ளிகள் வேண்டும் என்ற தேவையும் மட்டும் மாறவில்லை.

ட்ரோன் ஒரு தனிப் படத்தால் வரைபடம் செய்வதில்லை. இணையான கோடுகளில் உழவு ஓட்டுவதுபோல் போய்த் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரே ஓட்டு முனை, ஒரே கிணற்று விளிம்பு பத்துப் பதினைந்து படங்களில் சற்றுச் சற்று விலகித் தெரியும். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வதும் இந்த விலகலால்தான். கணினி நிரல் லட்சக்கணக்கான அத்தகைய பொதுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவும் பொருந்தும் என்று கணக்கிடுகிறது. அதிலிருந்து நிலத்தின் முப்பரிமாண வடிவம் கிடைக்கிறது. அந்த வடிவத்தின்மேல் படங்களைப் போர்த்திச் சாய்வுகளை நீக்கினால், எந்த இடத்திலும் அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய செங்குத்துப் படம் ஒன்று பிறக்கிறது.

இங்கே உயரம் என்ன வேலை செய்கிறது என்பதை எண்களாகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் உயரக் கட்டுப்பாடு தொழிலை நசுக்குகிறது என்ற புகாரை இந்த எண்களே சோதிக்கும். 13.2 மில்லிமீட்டர் அகல உணரியில் 5,472 பிக்சல்களும் 8.8 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட சாதாரண ட்ரோன் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 மீட்டர் உயரத்தில் அதன் ஒரு பிக்சல் தரையில் 3.3 சென்டிமீட்டரை மூடும். ஒரு படத்துக்குள் 180 மீட்டர் அகலமும் 120 மீட்டர் நீளமும் அடங்கும். முன்பின்னாக 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் படிய வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 19 கோடுகள், சுமார் 800 படங்கள், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அரை மணிநேரத்துக்குச் சற்று அதிகமான பறப்பு. உயரத்தை 60 மீட்டராக இறக்கினால் பிக்சல் 1.6 சென்டிமீட்டராகும், படங்கள் மூவாயிரத்தைத் தாண்டும், நேரம் இரட்டிக்கும். 500 மீட்டருக்கு ஏற அனுமதி கிடைத்ததாக வைத்துக்கொண்டால் ஐந்தே கோடுகளில், பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் பிக்சல் ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்கும். நான்கு விரற்கடை அகலத்துக்குத் தூவிய சுண்ணாம்புக் கோடு ஒரு பிக்சலின் பாதியாகி மண்ணோடு மங்கிப்போகும்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் அனுமதி கேட்காமல் பறக்கத் தரும் உச்ச உயரம் அந்த 120 மீட்டர்தான். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டர். அமெரிக்காவும் 400 அடி என்கிறது, ஐரோப்பாவும் 120 மீட்டர் என்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி, வீடு, மனை, குவாரி, கட்டுமானத் தளம் ஆகியவற்றை அளப்பவருக்கு இந்த எல்லை ஒரு தடையே இல்லை. தேவையான துல்லியம் கிடைக்க அவர் எப்படியும் அந்த உயரத்துக்குக் கீழேதான் பறக்க வேண்டும். ஒரு மாவட்டம் முழுவதையும் அளக்க வேண்டியவர் ஆட்சேபிக்கலாம், அவர் ஆட்சேபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த அளவுக்கு விமானமும் செயற்கைக்கோளும் இருக்கின்றன. ஒவ்வொரு உயரத்துக்கும் ஏற்ற கருவி வேறு. இந்தியாவின் உண்மையான இறுக்கம் உயரத்தில் இருந்ததில்லை, காகிதத்தில் இருந்தது. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே அறிவிப்பில் பொதுமக்களின் ட்ரோன் பயன்பாடு முழுவதையும் நிறுத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில்தான் முதல் விதிமுறை நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் வந்த அடுத்த விதிகள் அதையும்விடச் சிக்கலாக இருந்ததால் ஆகஸ்டிலேயே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. 25 படிவங்கள் 5 ஆயின, 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின, விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை விரிந்திருந்த, அனுமதி பெற்றே பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் 12 கிலோமீட்டருக்குச் சுருங்கியது. ஒரு விதி கடுமையானதா என்பதைவிட அது புரிகிறதா என்பது ஒரு தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த ஏழு ஆண்டுகளை உதாரணமாகச் சொல்வேன்.

அப்படியானால் பறப்பதன்மேல் கட்டுப்பாடே எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2017 செப்டம்பர் 21 ஒரு பதில். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றின் சுழலிறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் மோதியது. மோதிய உயரம் சுமார் 300 அடி, அதாவது ட்ரோனுக்கு அனுமதிக்கப்பட்ட 400 அடிக்குக் கீழே. இயக்கியவர் சுமார் இரண்டரை மைல் தொலைவில், ட்ரோனையும் ஹெலிகாப்டரையும் பார்க்க முடியாத இடத்தில் இருந்தார். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மூன்றுக்கு ஆறு அங்குல ஓட்டை போட்டது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த விமானம் தரையிறங்கி நிற்க நேர்ந்தது. அங்கேயும் இயக்கியவரின் பார்வையை விட்டு ட்ரோன் போயிருந்தது. உயரம் என்ற எண்ணைவிட, பறப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையே காப்பாற்றுகிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. ஆற்றுக் கால்வாயையும் எரிவாயுக் குழாயையும் பல கிலோமீட்டர் தொடர்ந்து படமெடுக்க விரும்புபவர்களுக்கு இந்த நிபந்தனை உண்மையிலேயே வலிக்கும். அவர்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கருவியை இறக்கி, வண்டியில் ஏற்றி, மறுபடி பறக்கவிட வேண்டியிருக்கிறது. எதிரே வரும் விமானத்தைத் தானே உணர்ந்து விலகும் ஆற்றல் ட்ரோனுக்கு நம்பும்படி வாய்க்கும்போது இந்த நிபந்தனை தளரும், தளர வேண்டும். அதுவரை அந்தச் சிரமத்தை ஆகாயத்தில் இருக்கும் மனிதர்களுக்காக ஏற்றுக்கொள்ளலாம்.

படத்தின்மேல் போடப்படும் கட்டுப்பாட்டுக்கு இந்த அளவு நியாயம் இல்லை. வரைபடம் என்றாலே ராணுவ ரகசியம் என்று கருதும் பழக்கம் நம்மிடம் நீண்ட காலம் இருந்தது. வானிலிருந்து ஒரு படம் எடுக்கவே பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை ராணுவத்துக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை என்று வரைபடங்களைப் பிரித்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டுதல்தான் பூட்டைத் திறந்தது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி எவ்வளவு நுணுக்கமாகவும் வரைபடம் எடுக்கலாம் என்றும், கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும் விட நுணுக்கமான தரவை வெளிநாட்டு நிறுவனங்கள் தாமே உருவாக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்றும் அது சொன்னது. எல்லையோரக் காவல் நிலையின் துல்லியமான வரைபடம் எதிரி கையில் கிடைக்கலாமா என்று கேட்பது அற்பமான கேள்வி அன்று. ஆனால் பிக்சலுக்கு 30 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் பூமியைப் படமெடுத்து விற்கும் வணிகச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றிடம் மறைக்க முடியாததை உள்ளூர் வடிகால் திட்டமிடும் பொறியாளரிடம் மறைத்ததால், மழைநீர் எந்தத் தெருவில் தேங்கும் என்று கணக்கிட வேண்டியவர் மேடுபள்ளம் தெரியாமல் உழைத்தார். காவல் நிலையின்மேல் பறக்கத் தடை போட்டால் போதும், சிவப்பு மண்டலம் அதற்காகத்தான் இருக்கிறது. நாடு முழுவதன் மேடுபள்ளத்தையும் பூட்டி வைத்த அந்த ஆண்டுகளின் விலையை வெள்ளம் வந்த ஊர்கள் கொடுத்தன என்றே நான் நினைக்கிறேன்.

இனி மூன்றாவது விஷயம், இந்த அத்தியாயத்தின் மையம். ட்ரோன் படம் பார்ப்பதற்கு எப்போதும் துல்லியமாகவே தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சங்கிலி பிடித்து அளந்த பழைய புலப்படத்தில் கோணல் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பவருக்குச் சந்தேகம் வரும். ஓடுகளை எண்ணும் அளவுக்குத் தெளிவான படத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பிழைகள் அதற்குள் அழகாக ஒளிந்துகொள்ளும். உணரியை வரிவரியாகப் படிக்கும் மலிவான கேமரா ஒரு படத்தைப் படித்து முடிக்க வினாடியில் முப்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால், வினாடிக்கு 10 மீட்டர் போகும் ட்ரோன் அதற்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அது பத்து பிக்சல். கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தே எல்லாப் படங்களையும் எடுத்து, லென்சின் வளைவையும் அதே படங்களிலிருந்தே கணக்கிட விட்டால், தட்டையான நிலம் நடுவில் மெல்லப் புடைத்த குவிமாடமாகவோ குழிந்த கிண்ணமாகவோ வெளிவரும். படத்தில் எந்தக் கிழிசலும் தெரியாது, உயரங்கள் மட்டும் பொய் சொல்லும். சில படங்களைச் சாய்வாக எடுப்பதும், தரையில் துல்லிய ஜிபிஎஸ் கருவியால் அளந்த குறிகளை வைப்பதும் இதற்கு மருந்து. இந்திய சர்வே துறை நாடெங்கும் நிறுவியிருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான செயற்கைக்கோள் அளவை நிலையங்கள் இந்தக் குறிகளை அளப்பதை எளிதாக்கிவிட்டன. பரங்கிமலை அடிக்கோடு அன்று செய்த வேலையை இன்று அவை செய்கின்றன.

கருவியில் பிழையே இல்லாவிட்டாலும் மேலிருந்து பார்ப்பதற்கென்று ஒரு குருட்டுத்தனம் உண்டு. ஓட்டு வீட்டின் இறவாரம் சுவரைத் தாண்டி ஒரு முழமாவது நீண்டிருக்கும். ட்ரோனுக்குத் தெரிவது இறவாரம், மனையின் அளவோ சுவரிலிருந்து வருகிறது. இரண்டு வீடுகளின் இறவாரங்கள் சந்தின்மேல் ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றால், அந்தச் சந்து பொது வழியா, ஒருவர் வீட்டுக் கொல்லையா, இருவருக்கும் பாதிப்பாதியா என்பது படத்தில் கிடையாது. வேப்பமரத்தடியில் போட்ட சுண்ணாம்புக் கோடும் கிடையாது. அதனால்தான் ஸ்வாமித்வா வரைபடங்களும் தரையில் சரிபார்க்கப்பட்டு, ஆட்சேபங்கள் கேட்கப்பட்ட பிறகே அட்டையாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அளக்கக்கூடிய வான்படத்தை யார் செய்து தரலாம் என்பது குறித்து அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு சிறிய ட்ரோன் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு, அளவிடக்கூடிய தரவு அடங்கிய வான்படங்களைச் செய்துதர முனைந்தது. சர்வேயர் உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று மாநிலத்தின் அளவையாளர் உரிம வாரியம் 2019இல் எழுதியது. படமும் தகவலும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று நிறுவனம் 2021இல் வழக்குத் தொடுத்தது. 2024 மே 20 அன்று கூட்டாட்சியின் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சர்வேயர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அளவுகோல் போட்ட படத்தை விலை கொடுத்து வாங்குபவர் அதை நம்பி வேலி போடுவார், வீடு கட்டுவார், அண்டை வீட்டுக்காரரை நீதிமன்றத்துக்கு இழுப்பார். குவிமாடப் பிழை ஒளிந்திருப்பதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. மருந்துக்கடையில் உரிமம் கேட்பதுபோல் இங்கேயும் கேட்பதில் தவறில்லை என்கிறார்கள்.

இருந்தும் அந்தத் தீர்ப்பு தவறான இடத்தில் வேலி போடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. குவாரியில் குவிந்த ஜல்லியின் கன அளவை அறியவோ, கரும்புத் தோட்டத்தில் நீர் நிற்கும் பள்ளத்தைக் கண்டுபிடிக்கவோ, கூரையில் சூரியப் பலகைக்கு இடம் கணக்கிடவோ படம் கேட்பவர் எவருடைய எல்லையையும் தீர்மானிக்கவில்லை. அந்தப் படத்தில் அளக்க முடியும் என்பதாலேயே அது சர்வே ஆகிவிடாது. ‘இது உன் எல்லை’ என்று சொல்லும் இடத்தில் உரிமம் வேண்டும், அதில் சமரசம் கூடாது. மற்ற இடங்களில் வேண்டியது, பிழை எவ்வளவு என்று எழுதித் தரும் கட்டாயம். இது நடைமுறைக்கு உதவாத யோசனை அன்று. அமெரிக்கப் போட்டோகிராமெட்ரி, தொலையுணர்வுச் சங்கம் 2023இல் திருத்திய துல்லியத் தரநிலை, வரைபடத்தைச் செய்யப் பயன்படாத குறைந்தது 30 தனிப் புள்ளிகளைத் தரையில் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பிழையைச் சொல்லும்படி கேட்கிறது. வரைபடத்தைச் செய்த புள்ளிகளைக் கொண்டே அதைச் சோதிப்பது, மாணவன் தானே தன் தாளைத் திருத்துவது போன்றது. தனிப் புள்ளிகளின் பிழை எண் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அச்சாகியிருந்தால், வாங்குபவருக்கு நிபுணத்துவம் இல்லாவிட்டாலும், எதற்கு இந்தப் படத்தை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

அந்தரங்கம் பற்றிய ஆட்சேபம் ஒன்று மிஞ்சுகிறது. அது வலுவானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 3 சென்டிமீட்டர் பிக்சலில் முகம் தெரியாது. ஆனால் மொட்டை மாடியில் காயும் துணியும், கொல்லைப்புறக் குளியல் தட்டியும், வாசலில் நிற்கும் வண்டியும் தெரியும். எங்கே பறக்கலாம் என்று இவ்வளவு விரிவாக வகுத்த 2021 ஆகஸ்ட் விதிகள், மார்ச் விதிகளில் இருந்த அந்தரங்கப் பாதுகாப்பு வாசகத்தை விட்டுவிட்டன. எளிமைப்படுத்தும் அவசரத்தில் வெட்டக் கூடாததையும் வெட்டிவிட்டார்கள். குறைந்தபட்சம், எந்த நாளில் எந்தத் தெருவின்மேல் எதற்காகப் பறக்கிறோம் என்று முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்வதும், வேலைக்குத் தேவையில்லாத மூலப் படங்களைக் குறிப்பிட்ட காலத்தில் அழிப்பதும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

எல்லைக்காக எடுத்த படங்கள் மட்டும் அழியக் கூடாது. சுண்ணாம்பு இழுத்த அன்று ஊரில் யார் இருந்தார்கள் என்பதே அந்தக் கோட்டின் தகுதியைத் தீர்மானிக்கிறது. சூரத்துக்கோ டெல்லிக்கோ வேலைக்குப் போயிருந்தவர், கணவர் இறந்தபின் மைத்துனர்களுக்கு நடுவே குரலில்லாமல் இருக்கும் பெண், ஊர்க் கடைசியில் தனித் தெருவில் வைக்கப்பட்டவர்கள், இவர்களில் எவரும் இல்லாமல் போட்ட கோட்டை ட்ரோன் அதே சென்டிமீட்டர் துல்லியத்தோடுதான் படமெடுக்கும். ஆகவே ஒவ்வொரு சொத்து அட்டையோடும் மூன்று தகவல்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: தனிப் புள்ளிகளால் சோதித்த பிழை எண், கோடு போட்ட தேதி, அன்று கூட நின்று ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள். சுண்ணாம்பு அடுத்த மழைக்குக் கரைந்துவிடும். இருபது ஆண்டு கழித்து ஒரு மகள் தன் தாய்வீட்டு மனையைக் கேட்டு வரும்போது, கேள்வி கேட்பதற்கு அவளுக்கு அந்தப் பெயர்ப் பட்டியலாவது கையில் இருக்கும்.